ஸ்டென்ட் பொருத்திய அன்றே வீடு திரும்பவிருந்தவர் நான்காம் நாள் திரும்பியது ஏன்: ஒரு நிகழ்வு ஆய்வு

இதய ரத்தக்குழாயின் அடைப்பைத் திறந்து வைக்கும் கம்பிவலையான ஸ்டென்ட்டைப் பொருத்திக்கொள்ளப் போகும் நோயாளியின் குடும்பத்தார் கேட்கும் கேள்விகளில் இரண்டு தவறாமல் இடம்பெறும். ஆபத்து உண்டா என்பது ஒன்று; எத்தனை நாள் மருத்துவமனையில் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு விரிவான விளக்கம் கிடைத்துவிடுகிறது. இரண்டாவதற்குக் கிடைப்பது பெரும்பாலும் ஓர் எண் மட்டுமே. அந்த எண் எதன்மேல் நிற்கிறது, எந்தெந்த நேரங்களில் அது மாறக்கூடும் என்பதைக் காட்டும் ஒரு நிகழ்வு இங்கே பதிவாகிறது. நோயாளியை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் விடப்பட்டுள்ளன.

பின்னணி

நோயாளி 66 வயது ஆண். பல ஆண்டுகளாக நீரிழிவும் ரத்த அழுத்தமும் உள்ளவர். மூன்று மாதங்களாக வேகமாக நடந்தாலும் படியேறினாலும் நெஞ்சில் இறுக்கம் வந்து, நின்றால் சில நிமிடங்களில் விலகிக்கொண்டிருந்தது. ஓய்வில் வலி வந்ததில்லை, மாரடைப்பு வந்ததில்லை. எக்கோ பரிசோதனையில் இதயத்தின் பம்ப் திறன் 55 சதவீதமாக, இயல்பாக இருந்தது. ஆஞ்சியோகிராமில் இதயத்தின் முன்பக்கத் தமனியின் நடுப்பகுதியில், ஒரு கிளைக்குழாய் பிரியும் இடத்தை ஒட்டி, 90 சதவீத அடைப்பு தெரிந்தது. மருந்துகளின் அளவைக் கூட்டியும் இறுக்கம் குறையாததால் ஸ்டென்ட் பொருத்த முடிவாயிற்று.

ரத்தப் பரிசோதனைகளில் ஹீமோகுளோபின் 12.8 கிராம், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் 1.4 மில்லிகிராம். அவருடைய வயதில் இந்தக் கிரியேட்டினின் அளவு சிறுநீரகத் திறன் ஓரளவு குறைந்திருப்பதைக் காட்டுகிறது. ஆஸ்பிரின், அட்டோர்வாஸ்டாடின், மெட்பார்மின், லோசார்டன், மெட்டோப்ரோலால் ஆகியவற்றை அவர் உட்கொண்டுவந்தார். இந்தப் பட்டியலில் மெட்டோப்ரோலாலை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது; இதயத் துடிப்பை மெதுவாக்கும் அந்த மருந்து பின்னால் நோயறிதலில் ஒரு பங்கு வகித்தது.

தங்கும் நாள் எப்படிச் சுருங்கியது

1977 செப்டம்பரில் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் முதன்முதலாகப் பலூன் கொண்டு இதயத் தமனி அடைப்பை விரித்தார். ஸ்டென்ட் மனிதரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டது 1986இல். தொடக்க கால ஸ்டென்ட்களில் ரத்தம் உறைந்து அடைத்துவிடும் அச்சம் பெரிதாக இருந்ததால், ரத்த உறைவைத் தடுக்கும் ஹெப்பாரினையும் வார்ஃபாரினையும் சேர்த்துக் கொடுத்து, மருந்தின் அளவு சரியாகப் பிடிபடும்வரை நோயாளியைப் பல நாள் மருத்துவமனையிலேயே வைத்திருந்தார்கள். அந்த மருந்துகளாலேயே தொடையில் துளையிட்ட இடத்தில் ரத்தம் கசிந்து, தங்கும் நாள் மேலும் நீண்டதும் உண்டு. 1990களின் நடுப்பகுதியில் ஸ்டென்ட்டை உயர் அழுத்தத்தில் முழுமையாக விரிப்பதும், ஆஸ்பிரினோடு இன்னொரு தட்டணு எதிர்ப்பு மருந்தை (ரத்தத் தட்டணுக்கள் ஒட்டி உறைவதைத் தடுப்பது) சேர்த்துக் கொடுப்பதும் போதுமானவை என்று தெளிந்தபிறகுதான் வார்ஃபாரின் விலகியது.

தங்கும் நாளைச் சுருக்கிய அடுத்த மாற்றம் இதயத்தில் நடந்ததன்று, மணிக்கட்டில் நடந்தது. 1989இல் கனடாவின் லூசியன் காம்ப்போ மணிக்கட்டுத் தமனி வழியாக ஆஞ்சியோகிராம் செய்த அனுபவத்தை வெளியிட்டார். சில ஆண்டுகளில் நெதர்லாந்தின் ஃபெர்டினாண்ட் கீமெனெய் அதே வழியில் ஸ்டென்ட்டும் பொருத்திக்காட்டினார். மணிக்கட்டுத் தமனி தோலை ஒட்டி, எலும்பின்மேல் ஓடுகிறது. கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், அழுத்தினால் நிற்கும்.

அன்றே வீட்டுக்கு அனுப்புவது பாதுகாப்பானதா என்பதைச் சோதித்த ஆய்வுகளில் 2007இல் வெளியான ஆம்ஸ்டர்டாம் ஆய்வு இந்த நிகழ்வுக்கு நெருக்கமானது. திட்டமிட்ட சிகிச்சைக்கு வந்த 800 பேரில், அன்றே அனுப்பப்பட்டவர்களுக்கு இரவு தங்கியவர்களைவிடக் கூடுதல் தீங்கு நேரவில்லை. இந்த முடிவைப் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால், அன்றே அனுப்பவேண்டிய பிரிவில் இருந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை, நான்கு மணி நேரக் கண்காணிப்பின் முடிவில் மருத்துவர்கள் அனுப்பாமல் நிறுத்திக்கொண்டார்கள் என்ற விவரம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த வடிகட்டல்தான் திட்டத்தைப் பாதுகாப்பாக்கியது என்பது என் கருத்து.

சிகிச்சைக்கு முன் பேசப்பட்டது

முன்தினம் மகனிடமும் மனைவியிடமும் எங்கள் குழு பேசியது. மணிக்கட்டு வழியாகச் சிகிச்சை நடக்கும், எல்லாம் சரியாக இருந்தால் மாலையிலேயே வீட்டுக்குப் போகலாம் என்று தெரிவிக்கப்பட்டது. மகன் அதைத் திட்டமாகவே எடுத்துக்கொண்டார். மனைவிக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவருடைய அண்ணனுக்கு முன்பு ஸ்டென்ட் வைத்தபோது ஐந்து நாள் படுக்கையில் வைத்திருந்ததாகச் சொல்லி, "அவருக்கு அத்தனை நாள், இவருக்கு ஒரு பகலா?" என்று கேட்டார்.

அண்ணனுக்கு ஸ்டென்ட் வைத்தது மாரடைப்பின்போது என்பது விசாரித்தபோது தெரிந்தது. இரண்டும் ஒரே கம்பிவலைதான் என்றாலும், மாரடைப்பில் தங்கும் நாளைத் தீர்மானிப்பது ஸ்டென்ட் அன்று, சேதமடைந்த இதயத்தசை. முதல் 48 மணி நேரத்தில் ஆபத்தான துடிப்புக் கோளாறுகள் வரக்கூடும். பம்ப் திறன் குறையலாம். அரிதாகச் சில நாட்களுக்குள் இதயச் சுவரோ வால்வைத் தாங்கும் தசையோ கிழியலாம். அதனால்தான், அடைப்பு உடனே திறக்கப்பட்டு வேறு சிக்கல் எதுவும் இல்லாத மாரடைப்பு நோயாளிகளைக்கூட 48 முதல் 72 மணி நேரம் கழித்தே அனுப்பலாம் என்று ஐரோப்பிய வழிகாட்டுதல் கூறுகிறது. இதைச் சொன்னபின் மனைவி ஓரளவு சமாதானம் அடைந்தார்.

சிகிச்சை நாள்

காலை 10 மணிக்கு வலது மணிக்கட்டில் துளையிடப்பட்டது. முழங்கைக்கு அருகே தமனி வளையமாகச் சுருண்டிருந்தது. மெல்லிய கம்பியைச் செலுத்த முயன்றபோது தமனி இறுகி வலி ஏற்பட்டதால் அந்த முயற்சி கைவிடப்பட்டு, வலது தொடைத் தமனி வழியாகச் சிகிச்சை தொடர்ந்தது. மருந்து பூசிய ஸ்டென்ட்கள் இரண்டு பொருத்தப்பட்டன. முதலாவதை விரித்தபோது கிளைக்குழாயின் வாய் நெரிந்து சில நிமிடம் நெஞ்சுவலி வந்தது. சிறு பலூனால் விரித்ததும் ரத்த ஓட்டம் சீராகி வலி நின்றது. வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, ரத்தக்குழாய்களை எக்ஸ்ரேயில் காட்டும் கான்ட்ராஸ்ட் சாயம் 180 மில்லிலிட்டர் செலவானது.

சிகிச்சை நடந்த கேத் லேபிலிருந்து வெளியே வரும்போதே மாலையில் வீடு என்ற திட்டம் விலக்கப்பட்டது. தொடை வழி, கிளைக்குழாயில் ஏற்பட்ட தற்காலிக நெரிவு, சிறுநீரகத் திறன் குறைந்தவருக்குச் செலுத்தப்பட்ட சாயம் ஆகிய மூன்றும் காரணங்களாகக் குறிக்கப்பட்டன. ஓர் இரவு தங்கவேண்டும் என்பது மகனுக்குத் தெரிவிக்கப்பட்டது. காலையில் ஸ்டென்ட் வைத்துக்கொண்ட அடுத்த படுக்கைக்காரர் மணிக்கட்டுப் பட்டையோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்த அவருக்கு அது எளிதில் ஏற்கத்தக்கதாக இல்லை.

ஹெப்பாரினின் விளைவு குறைந்ததை உறுதி செய்துகொண்டு பிற்பகல் 2.30 மணிக்குத் தொடைத் தமனியில் கருவிகளைச் செலுத்த வைத்திருந்த ஷீத் என்ற குழாய் எடுக்கப்பட்டு, 20 நிமிடம் கையால் அழுத்தப்பட்டது. ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்கச் சொல்லப்பட்டது.

மாலை ஏழு மணிக்குமேல்

7.10 மணிக்கு நோயாளி முதுகு வலிக்கிறது என்றார். நாள் முழுவதும் மல்லாந்து படுத்திருப்பவர் முதுகு வலி என்று சொல்வது இந்த வார்டில் அன்றாடச் செய்தி. ஆனால், செவிலியர் கேட்டபோது அவர் கைவைத்துக் காட்டியது நடுமுதுகை அன்று, வலது விலாவுக்குக் கீழே, இடுப்புக்கு மேலே உள்ள பகுதியை. நெற்றி வியர்த்திருந்தது. மாலை 6 மணிக்கு 132/80 ஆக இருந்த ரத்த அழுத்தம் 90/58க்கு இறங்கியிருந்தது. நாடித்துடிப்பு 68.

அந்த 68 என்ற எண்ணைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். ஷீத் எடுத்த நோயாளிக்கு ரத்த அழுத்தம் விழுந்தால் முதலில் நினைவுக்கு வருவது இதயத் துடிப்பை மெதுவாக்கும் வேகஸ் நரம்பு தூண்டப்படுவது. வலியாலோ அச்சத்தாலோ வரும் அந்த நிலையில் நாடியும் சேர்ந்து விழும். துடிப்பை ஏற்றும் அட்ரோப்பினும் சலைனும் கொடுத்தால் சரியாகிவிடும். ரத்தம் கசிந்தால் நாடி ஏற வேண்டும். இங்கே நாடி விழவுமில்லை, ஏறவுமில்லை. மெட்டோப்ரோலால் உட்கொள்பவருக்கு ரத்தக்கசிவிலும் நாடி ஏறாமல் இருக்கலாம் என்பதால், இயல்பாகத் தோன்றிய அந்த எண் எதையும் விலக்கவில்லை. மேலும், வேகஸ் தூண்டல் பெரும்பாலும் ஷீத் எடுக்கும் நேரத்திலோ உடனடியாகவோ வருவது; இது நான்கரை மணி நேரம் கழித்து வந்தது.

தொடையில் வீக்கமில்லை, துளையிட்ட இடம் மென்மையாக இருந்தது. ஈசிஜியில் மாற்றமில்லாததாலும் நெஞ்சுவலி இல்லாததாலும் ஸ்டென்ட் அடைத்திருக்கும் ஐயம் குறைந்தது. படுக்கை அருகிலேயே செய்த எக்கோவில் இதயத்தைச் சுற்றி நீரோ ரத்தமோ இல்லை. எனவே கம்பி குத்தி இதயத் தமனியில் கசிவு ஏற்பட்டிருக்கலாம் என்ற ஐயமும் நீங்கியது. வலது தொடையை உயர்த்தச் சொன்னபோது வலியால் அவர் தயங்கினார். இடுப்புத் தசையை ஒட்டி ரத்தம் தேங்கினால் இவ்வாறு வலிக்கும். 7.30 மணிக்கு எடுத்த ஹீமோகுளோபின் 11.6. அது பெரிய இறக்கம் இல்லை என்று அப்போது ஒருவர் கூறினார். ரத்தம் வேகமாக இழக்கப்படும்போது, எஞ்சியிருக்கும் ரத்தம் நீர்த்துப்போகும்வரை ஹீமோகுளோபின் எண் பின்தங்கியே இறங்கும் என்பதால் அந்த வாதம் ஏற்கப்படவில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

சலைன் வேகமாகச் செலுத்தியதும் 20 நிமிடத்தில் ரத்த அழுத்தம் 112/70 ஆயிற்று. நோயாளி ஐ.சி.யு.வுக்கு மாற்றப்பட்டார். ரத்த வகை பொருத்தம் பார்த்து இரண்டு யூனிட் தயாராக வைக்கப்பட்டது.

அடுத்து சி.டி. ஸ்கேன். சாயம் செலுத்தி எடுத்தால் கசிவு இன்னும் ஓடுகிறதா, எங்கிருந்து என்பதெல்லாம் தெரியும். ஆனால் காலையில் 180 மில்லிலிட்டர் வாங்கிய சிறுநீரகத்தின்மேல் மீண்டும் சுமை ஏறும். ரத்த அழுத்தம் சலைனுக்கு மீண்டு நிலைத்திருந்ததால் சாயமில்லாமல் எடுப்பது என்றும், அழுத்தம் மீண்டும் விழுந்தால் ஸ்கேனுக்காகக் காத்திராமல் நேரே கேத் லேபுக்குப் போய், இடது தொடை வழியாகக் கசியும் இடத்தைப் பார்த்துப் பலூனாலோ உறையிட்ட ஸ்டென்ட்டாலோ அடைப்பது என்றும் முடிவாயிற்று. ஸ்கேனில் வயிற்று உறைக்குப் பின்புறம் வலது பக்கத்தில் ரத்தம் தேங்கியிருந்தது தெரிந்தது. தொடைத் தமனியில் இடும் துளை மேற்புறமாக அமைந்தால், வெளியிலிருந்து கொடுக்கும் அழுத்தம் முழுமையாகச் சென்று சேராது. கசியும் ரத்தம் தொடையில் வீக்கமாகத் தெரியாமல் உள்ளே பின்னோக்கிப் போய்விடும். தொடை மென்மையாக இருந்ததன் பொருள் இதுதான்.

எல்லோரையும் அதிகம் யோசிக்க வைத்தது, இரட்டைத் தட்டணு எதிர்ப்பு மருந்துகளைத் தொடர்வதா என்ற கேள்வி. கசியும் நோயாளிக்கு ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் நிறுத்தத் தோன்றுவது இயல்பு. மனைவியும் அதைத்தான் கேட்டார். ஆனால் அன்று காலையில் வைத்த இரண்டு ஸ்டென்ட்களும் இன்னும் குழாயின் உட்படலத்தால் மூடப்படாமல் ரத்த ஓட்டத்தில் நிற்கின்றன. மருந்தை நிறுத்தி, முன்பக்கத் தமனி முழுவதும் அடைத்துக்கொண்டால் விளைவது பெரும் மாரடைப்பு. கசிவு சலைனுக்கு அடங்கியிருக்கும் நிலையில் இரு மருந்துகளையும் தொடர்வது, வேறெந்த ரத்த உறைவுத் தடுப்பு மருந்தும் கொடுக்காமலிருப்பது, நிலை மோசமானால் கசிவை அடைத்தபின்பும் மருந்தைத் தொடர முயல்வது என்று பதிவேட்டில் காரணத்தோடு எழுதப்பட்டது. குளோபிடோக்ரலின் விளைவு நிறுத்தினாலும் சில நாள் நீடிக்கும் என்பதால், நிறுத்துவதால் அன்றிரவு பெரிய பயனும் இருந்திருக்காது.

ஹீமோகுளோபின் 9.30 மணிக்கு 10.7, நள்ளிரவில் 10.3, மறுநாள் காலை 10.2. செலுத்திய சலைனால் நீர்த்ததும் இந்த இறக்கத்தில் ஒரு பகுதி. ரத்த அழுத்தம் மீண்டும் விழவில்லை. ரத்தம் ஏற்றத் தேவை எழவில்லை.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்

இரண்டாம் நாள் மாலை ஹீமோகுளோபின் 10.3 என்று நின்றது. முதுகு வலி குறைந்து, நோயாளி எழுந்து உட்கார்ந்தார். மகனின் பார்வையில் கசிவு நின்றுவிட்டது, அப்பா பேசுகிறார், சாப்பிடுகிறார், எனவே காலையில் போகலாம். அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. கசிவு மட்டும் பிரச்சினையாக இருந்திருந்தால் மூன்றாம் நாள் காலையில் அனுப்பியிருக்கலாம்.

ஆனால் கிரியேட்டினின் இரண்டாம் நாள் 1.6, மூன்றாம் நாள் 1.8 என ஏறிக்கொண்டிருந்தது. அடிப்படை அளவைவிட 25 சதவீதத்துக்குமேல் ஏறினால் சாயத்தால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கொள்வது வழக்கம். இவருக்குச் சாயத்தோடு ரத்த அழுத்தம் விழுந்ததும் சேர்ந்துகொண்டது. இத்தகைய ஏற்றம் பெரும்பாலும் மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாளுக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாகவே இறங்கும். சிறுநீர் நன்றாகப் போனது. பொட்டாசியம் இயல்பாக இருந்தது. அப்படியானால் வீட்டிலிருந்தபடியே பரிசோதனைக்கு வரச் சொல்லியிருக்கலாமே என்பது மருத்துவர் ஒருவரின் கருத்து. சிறுநீரகத்தைக் கருதி லோசார்டனும் மெட்பார்மினும் நிறுத்தப்பட்டிருந்த நிலையில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் புதிதாகச் சீர்செய்ய வேண்டியிருந்ததாலும், ஏறுமுகத்தில் இருக்கும் ஓர் எண்ணோடு, ரத்தம் இழந்தவரை அனுப்புவதில் தயக்கம் இருந்ததாலும், ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளப்பட்டார். இந்த ஒரு நாள் கட்டாயம் தேவைப்பட்டதா என்பதில் எங்களுக்குள் இன்றும் ஒருமித்த கருத்து இல்லை.

வீடு திரும்பியதும் அதன்பின்னும்

நான்காம் நாள் கிரியேட்டினின் 1.7 ஆக இறங்கத் தொடங்கியது, ஹீமோகுளோபின் 10.3. நோயாளி வார்டின் நீளத்துக்கு நடந்தார். நெஞ்சில் இறுக்கமில்லை, ரத்த அழுத்தம் நிலையாக இருந்தது. இப்போது நிலைமை தலைகீழாயிற்று. மகன் தயாராக இருந்தார். மனைவியோ இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்று வேண்டினார். கூடுதல் நாளால் நன்மை மட்டுமே விளையும் என்ற எண்ணம் பரவலானது. இங்கே அவருக்குச் செய்வதற்கு எஞ்சியிருந்தது ஒரு ரத்தப் பரிசோதனை மட்டுமே. படுக்கையில் கிடப்பதால் தசை தளர்வதும், மருத்துவமனைக் கிருமித் தொற்றும் அவருடைய வயதில் சிறிய செய்திகள் அல்ல. இது விளக்கப்பட்டபின் அன்று மாலை அவர் வீடு திரும்பினார்.

ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் ஒருவேளைகூடத் தவறக்கூடாது என்பதும், வேறு மருத்துவர் நிறுத்தச் சொன்னால் முதலில் எங்களை அழைக்க வேண்டும் என்பதும் மகனிடமும் மனைவியிடமும் தனித்தனியாகச் சொல்லப்பட்டு, அவர்கள் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேட்கப்பட்டது. மெட்பார்மினும் லோசார்டனும் அடுத்த பரிசோதனை வரை வேண்டாம், சர்க்கரைக்கு இன்சுலின்.

ஏழாம் நாள் கிரியேட்டினின் 1.5, ஹீமோகுளோபின் 10.8. மெட்பார்மின் திரும்பத் தொடங்கப்பட்டது. லோசார்டன் அதற்கடுத்த வாரம். முப்பதாம் நாள் கிரியேட்டினின் பழைய 1.4க்கு வந்துவிட்டது, ஹீமோகுளோபின் 12.1. வலது தொடையின் முன்புறம் சில வாரங்கள் இருந்த மரத்துப்போன உணர்வும் நீங்கியிருந்தது. படியேறும்போது இறுக்கம் வரவில்லை.

மாற்றப்பட்டவை

முன்தினப் பேச்சில் இப்போது நாள் கணக்கு எதுவும் சொல்லப்படுவதில்லை. அதற்குப் பதிலாக, முடிவு எடுக்கப்படும் நேரங்கள் சொல்லப்படுகின்றன: கேத் லேபிலிருந்து வெளியே வரும்போது ஒரு முடிவு, நான்காவது மணி நேரத்தில் ஒரு முடிவு, தங்கினால் மறுநாள் காலைப் பரிசோதனைகளுக்குப்பின் ஒரு முடிவு. ஒவ்வொன்றிலும் எது தெரிந்தால் போகலாம், எது தெரிந்தால் நிற்க வேண்டும் என்பது குடும்பத்தாருக்கு எழுதியும் கொடுக்கப்படுகிறது. அன்றே போகலாம் என்று கேட்டவர்களுக்கு ஒவ்வொரு கூடுதல் நாளும் வாக்குத் தவறியதாகவே படுகிறது. மூன்று கட்டங்கள் உண்டு என்று கேட்டவர்கள் அடுத்த கட்டத்தில் என்ன பார்க்கப்படும் என்று கேட்கிறார்கள். இந்த மாற்றத்துக்குச் செலவில்லை. பேசும் நேரம் மட்டும் சில நிமிடம் கூடியது.

வலது மணிக்கட்டு உதவாதபோது தொடைக்குப் போகுமுன் இடது மணிக்கட்டைப் பார்ப்பது வழக்கமாயிற்று. தொடையில்தான் துளையிட வேண்டும் என்றால் அல்ட்ராசவுண்ட் கொண்டு தமனி பிரியும் இடத்தைப் பார்த்தபின் துளையிடப்படுகிறது. தொடை வழிச் சிகிச்சை பெற்றவர் முதுகிலோ விலாவிலோ வலி என்றால், படுக்கையால் வந்தது என்று கொள்ளுமுன் ரத்த அழுத்தம் பார்த்து மருத்துவரை அழைக்க வேண்டும் என்ற வரி செவிலியர் குறிப்பேட்டில் சேர்க்கப்பட்டுள்ளது. துடிப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்பவர்களின் தாளில் நாடி எண்ணுக்கு அருகே அது குறிக்கப்படுகிறது.

எல்லாத் தொடை வழி நோயாளிகளுக்கும் நான்காவது மணி நேரத்தில் ஹீமோகுளோபின் பார்க்கலாம் என்ற யோசனையும் வந்தது. கசிவின் தொடக்கத்தில் எண் அதிகம் இறங்காமல் இருக்கலாம் என்பதால், அது தவறான நிம்மதியைத் தரும் என்று எதிர்ப்பு எழுந்தது. இந்நோயாளியின் முதல் அளவு 11.6 என்று வந்ததே அந்த எதிர்ப்புக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. எனவே அது எல்லோருக்கும் கட்டாயமாக்கப்படவில்லை; சிறுநீரகத் திறன் குறைந்தவர்களுக்கும் 65 வயதைக் கடந்தவர்களுக்கும் மட்டும், மறுநாள் காலை அளவோடு ஒப்பிடுவதற்கான அடிப்படை எண்ணாக எடுக்கப்படுகிறது.